புள்ளி ஒன்று எட்டு விநாடி

குக்கர் முதல் விசில் அடித்தபோது பிரீடா இரண்டாம் சரணத்துக்கு நடுவில் இருந்தாள். இன்னும் மூன்று விசில், அப்புறம் அடுப்பை அணைக்க வேண்டும் என்று மனசின் ஒரு மூலை குறித்துக்கொண்டது. மிச்ச மனசு முழுக்க ஹெட்போனுக்குள் கிடந்தது. திரையில் முப்பது குரல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பச்சை வரிகளாக நகர்ந்துகொண்டிருந்தன. முப்பத்தோராவது வரி மட்டும் சாம்பல் நிறத்தில், வாயடைக்கப்பட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. அதைப் பார்க்காமல் வேலை செய்ய அவள் வியாழக்கிழமையிலிருந்து பழகிக்கொண்டிருந்தாள், இன்னும் பழகின பாடில்லை. கண் கீழே போகும், உடனே மேலே ஏறிவிடும், துக்க வீட்டு வாசலைக் கடக்கிறவர்களின் கண்ணைப் போல. இன்றைக்குச் சனிக்கிழமை. மணி பதினொன்றே முக்கால். ஒரு மணிக்குள் பாட்டை ஆசீர் சாருக்கு அனுப்பியாக வேண்டும், இரண்டு மணிக்குப் பாடினவர்களின் பெயர்ப் பட்டியல் அச்சுக்குப் போகிறது, நாளைக்குப் பாளையங்கோட்டையில் அவர்களுடைய கிறிஸ்தவக் கோயில் திறந்ததன் நூற்றைம்பதாவது ஆண்டு, பிரதிஷ்டைப் பண்டிகை. ஆசீர் சார் வாரத்தில் ஆறு நாள் வங்கி மேலாளர், ஏழாம் நாள் ஆர்கன் வாசிப்பவர், பாடகர் குழுவுக்குத் தலைவர். பண்டிகைக்கென்று புதிதாக ஒரு கீர்த்தனை எழுதி, தானே கீபோர்டில் வாசித்து, அதைச் சபைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். காதில் மாட்டிக் கேட்டபடி பாடுங்கள், உங்கள் குரலை மட்டும் போனில் பதிந்து அனுப்புங்கள், எந்த ஊரில் இருந்தாலும் சரி என்று அறிவிப்பு. துபாயிலிருந்து ஒரு கட்டைக்குரல் குளியலறைக்குள் நின்று பாடி அனுப்பியது. பெங்களூரிலிருந்து வந்ததில் ஆமென் என்கிற இடத்தில் நாய் குரைத்தது, அதுவும் சுருதியோடு. எல்லாவற்றையும் ஒன்றாக்கும் வேலை பிரீடாவுக்கு வந்தது, ஏனென்றால் பாடப்புத்தகங்களுக்கு ஒலி வெட்டி ஒட்டுவதே அவளுடைய வீட்டிலிருந்து பார்க்கும் உத்தியோகம். அவளே பாடமாட்டாளா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பாடியிருக்க மாட்டாள்.

ஆசீர் சாருடைய கை, கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட கை இல்லை, அதுதான் அந்தக் கையின் அழகு. முதல் இரண்டு சரணமும் நிமிடத்துக்கு எண்பத்து நான்கு அடி. மூன்றாவதில் எழுபத்தாறுக்கு இறங்குவார், அதில் ஜெபம் இருக்கிறது. நான்காவது எல்லாரும் எழுந்து நின்று பாடுவது. எந்தக் கீர்த்தனையானாலும் கடைசிச் சரணத்துக்கு எழுந்து நிற்பது அந்தக் கோயிலின் வழக்கம், பெஞ்சுகள் கிரீச்சிட்டு, சேலை முந்தானைகள் சரியாகி, பாட்டுப் புத்தகம் பக்கத்து ஆள் கைக்கு மாறி, முந்நூறு பேர் நிமிர்ந்து நிற்க நேரமாகும் அல்லவா, அதற்காகவே அறுபத்தாறுக்கு வந்து, அங்கேயிருந்தும் மெல்ல மெல்ல இறங்கி, ஆமெனில் வந்து உட்காருவார். கீபோர்டில் தனியாக வீட்டில் வாசிக்கும்போதுகூட அந்த முந்நூறு பேருக்காகவும் அவர் காத்திருந்தார். பிரீடா அந்த வாசிப்பை முதல் தடவை அளந்தபோது மவுஸை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தாள். யாரும் இல்லாத அறையில் பெஞ்சு சத்தத்துக்கு இடம் விட்டு வாசிக்கிற மனுஷன்! அவர் கைபோன போக்கிலேயே ஒவ்வொரு அடிக்கும் ஒரு குறி வைத்து, மென்பொருளின் தாளக் கட்டங்களை அந்தக் கைக்கு ஏற்றபடி அகலமாகவும் ஒடுக்கமாகவும் வரைந்து வைத்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. புதன்கிழமை சபைக் கமிட்டி கேட்டுவிட்டுப் பாட்டு நீளம் என்றது. போதகராகிய ஐயரின் பிரசங்கத்தைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது, பாட்டைத்தான் குறைக்கச் சொல்வார்கள். ஆசீர் சார் கூப்பிட்டார். "முதல் ரெண்டு சரணத்தக் கொஞ்சம் ஓட விடுங்க, பிரீடா. தொண்ணூத்திரண்டு வச்சுக்கிடுங்க. கடைசிச் சரணத்துல மட்டும் கைய வச்சிராதீங்க, அது எந்திச்சு நிக்கிற பாட்டு."

ஓட விடுவது லேசு என்று சொல்கிறவர்கள் ஓட விட்டுப் பார்த்ததில்லை. ஒரு குரலை அதன் உயரம் மாறாமல் வேகப்படுத்தலாம், மென்பொருள் செய்துவிடும். ஆனால் ஒரே கோப்புக்குள் ஒரு பாதி வேகமாகவும் மறுபாதி இருந்தபடியும் வேண்டுமென்றால், மொத்தத்தையும் ஒரே அளவில் இழுத்து வைக்கிற புத்திதான் அதற்கு உண்டு. முதல் சரணம் சரியாக இருக்கும், மூன்றாவதில் தள்ளாடும், நான்காவதில் ஆளாளுக்கு ஒரு தெருவில் நிற்பார்கள். அதற்கு ஒரே வழி, ஒவ்வொரு அடியிலும் குரலைக் கட்டத்தோடு சேர்த்து ஒரு ஆணி அடிப்பது. இரண்டு ஆணிக்கு நடுவில் இருப்பது மட்டும் இழுபடும், சுருங்கும், அடுத்த ஆணிக்கு அப்பால் சேதி போகாது. முப்பத்தொரு குரலுக்கும் அப்படி அடித்து இழுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு குரலும் அடியில் விழுகிறதா என்று பார்த்தாள். துபாய்க்காரர் ஒரு மயிரிழை பிந்தினார், பெங்களூர்க்காரர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் முந்தினார், அதெல்லாம் தட்டிக் கொடுத்தால் உட்கார்ந்துவிடும். அந்த முப்பத்தோராவது குரல், கனகமணி அக்காவுடையது, உட்காரவில்லை. முதல் சரணத்தில் கால் அடி முந்திப் பாடியிருந்தாள். சரி, கால் அடி பின்னால் தள்ளி வைத்தாள் பிரீடா. மூன்றாம் சரணத்தில் பிந்தியது. நான்காவதில் இன்னும் பிந்தியது, அங்கே அவள் முந்தியிருந்தது அடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு சரணத்தில் கால், இன்னொன்றில் ஐந்தில் ஒன்று, நடுவில் இரண்டுங்கெட்டான். வேகம் இறங்கும் இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு கணக்கு. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு வியாழக்கிழமை மத்தியானம் ஆசீர் சாருக்கு ஒரு செய்தி தட்டிவிட்டாள்: சார், கனகமணி அக்காவுக்குத் தாளம் நிற்கவில்லை, எடுத்துவிட்டால் பாட்டு சுத்தமாக இருக்கும். பதினைந்து நிமிடத்தில் பதில் வந்தது. எடுத்துருங்க, நான் அவங்கட்டப் பேசிட்டேன், பாவம், சரி சார்னு சொல்லிட்டாங்க.

இரண்டாவது விசில். அந்தச் 'சுத்தமாக' என்கிற சொல் இரண்டு நாளாக அவளைக் குடைந்துகொண்டிருந்தது. அந்தச் சொல்லை எழுதாமல் இருந்திருக்கலாம். தாளம் நிற்கவில்லை என்பதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு தகவல். சுத்தமாக என்று சேர்த்ததும் கனகமணி அக்கா அழுக்காகிவிட்டாள். தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் அக்கா, பார்க்கிற இடத்தில் எல்லாம் என்ன பிள்ள மெலிஞ்சிட்ட என்று கேட்கும் அக்கா. சரி சார் என்று எப்படிச் சொல்லியிருப்பாள்? தபால் நிலையத்தில் நின்றுகொண்டா, வீட்டிலா, பக்கத்தில் அவள் புருஷன் பொன்னுதுரை அண்ணன் இருந்தாரா? பிரீடாவுக்கு அந்தச் 'சரி'யைத் தெரியும். அவளுக்கு ஒன்பது வயசு, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, ஜரிகைத் தாள் ஒட்டின சிறகு, தேவதூதர் கூட்டத்தில் இரண்டாவது வரிசை. ஓய்வுநாள் பள்ளியின் ரோஸ்லின் டீச்சர் குனிந்து காதோரம் சொன்னாள்: "பிரீடா கண்ணு, நீ வாய மட்டும் அசச்சாப் போதும், என்ன?" கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருக்கும். அவ்வளவு பிரியமாகச் சொன்னாள், கன்னத்தை வேறு கிள்ளினாள். சரி டீச்சர் என்று பிரீடாவும் சொன்னாள். வாயை அழகாக அசைத்தாள், மற்ற எல்லாத் தேவதூதர்களையும்விடப் பெரிதாக அசைத்தாள். வீட்டுக்குப் போகும்போது அம்மை சொன்னாள், உங்கொரல் தனியாக் கேட்டுதுட்டி என்று. அன்றைக்கு மூடின வாய்தான், அதற்கப்புறம் கோயிலில் பாட்டு நேரத்தில் அவள் உதடு மட்டுமே அசைந்தது, காதோ மற்றவர்களை ஒவ்வொருவராகப் பிரித்துப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டது, அதுவே பிழைப்பும் ஆனது. அந்தப் பிழைப்பில் உட்கார்ந்துகொண்டு அவள் இப்போது ஐம்பத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தியிடம், ரோஸ்லின் டீச்சரைவிட மோசமாக, மூன்றாம் ஆளை விட்டுச் சொல்ல வைத்திருக்கிறாள். டீச்சருக்காவது நேரே சொல்லத் தைரியம் இருந்தது. பிரீடா இரண்டாம் சரணத்தை மறுபடி ஓட விட்டாள். சுத்தமாகத்தான் இருந்தது. சுத்தமாக, வெள்ளையாக, ஆஸ்பத்திரிப் படுக்கை மாதிரி இருந்தது.

போன் அதிர்ந்தது. ஆசீர் சாரின் செய்தி, மொத்தம் எத்தனை நிமிடம், நிகழ்ச்சி நிரலில் போட வேண்டும். அவள் இரண்டு நாளாகத் திரையின் மேற்பட்டையில் அடிக்கணக்கையே வைத்திருந்தாள், நூற்றுப் பத்தாவது கட்டம், மூன்றாவது அடி என்று. கமிட்டிக்கு அது புரியாது. பட்டையை நிமிடத்துக்கும் விநாடிக்கும் மாற்றினாள். ஐந்து நிமிடம் இருபத்தாறு விநாடி என்று தட்டிவிட்டு, மாற்றினதைத் திரும்ப மாற்ற மறந்தாள். மறந்தாள் என்று சொல்வதா, கை சோம்பியது என்று சொல்வதா, எதுவோ ஒன்று. மூன்றாவது விசில் அடித்தது. எழுந்து போகலாமா என்று நினைத்த அந்த இடைவெளியில் கண் கீழே போனது, மேலே ஏறவில்லை. சாம்பல் வரியில் வியாழக்கிழமைக்கு முந்தின பழைய பதிவு, இழுக்காத, ஆணி அடிக்காத பதிவு, அக்கா அனுப்பினது அனுப்பினபடி. முதல் சொல் அடிக்கு எவ்வளவு முன்னால்? ஆசீர் சாரின் பழைய வேகத்து வாசிப்பைப் பக்கத்தில் போட்டுச் சும்மா அளந்தாள். புள்ளி ஒன்று எட்டு விநாடி. இரண்டாம் வரியில், புள்ளி ஒன்று எட்டு. ஆகட்டும், ஒரே சரணம்தானே. மூன்றாம் சரணத்துக்குத் தாவினாள், ஜெபத்துக்கு இறங்கின இடம். புள்ளி ஒன்று எட்டு. இல்லை, எங்கேயோ தப்பாக அளக்கிறேன். எழுந்து நிற்கிற சரணம், எழுபத்தாறு அறுபத்தாறாகிற இடம். புள்ளி ஒன்று எட்டு. அறுபத்தாறிலிருந்து படிப்படியாக இறங்கும் கடைசி வரி, ஒவ்வொரு அடியும் முந்தினதைவிட நீளம், அடுத்தது எப்போது விழும் என்று ஆசீர் சாருடைய விரலுக்கே கடைசி நொடியில்தான் தெரியும். புள்ளி ஒன்று எட்டு, புள்ளி ஒன்று ஏழு, புள்ளி ஒன்று எட்டு, புள்ளி ஒன்று எட்டு, ஆமென், புள்ளி ஒன்று எட்டு. நான்காவது விசில் அடித்தது, ஐந்தாவதும் அடித்தது. அவள் ஹெட்போனோடு ஓட, ஒயர் இழுக்க, ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி அடுப்பை அணைத்தாள். பருப்பு இன்றைக்குக் கூழ்தான்.

தாளம் நிற்காதவளா? கடவுளே! அறுபத்தாறிலும் எண்பத்து நான்கிலும் ஒரே அளவு முந்துகிறவளுக்கா தாளம் நிற்கவில்லை? பாட்டு முழுக்க ஒரு மயிரிழை தவறாமல், வேகம் மாறும் இடத்தில்கூட மாறாமல் நிற்கிற ஒன்றை அவள் அடிக்கணக்கில் அளந்தாள். அடியோ தானே நீண்டு தானே குறுகுகிற சாதனம். அளவுகோல் நீளும்போது சேலை குறைந்துவிட்டது என்று கடைக்காரனைத் திட்டின கதை. கால் என்றும் ஐந்தில் ஒன்று என்றும் தெரிந்ததெல்லாம் ஒரே புள்ளி ஒன்று எட்டுதான். அதுவும் எப்படிப்பட்ட நிலைப்பு! வேகம் இறங்கும் வரியில் அடுத்த அடிக்கு முன்னாலேயே, அதுவும் சரியாக அவ்வளவு முன்னாலேயே பாட வேண்டுமென்றால், அடுத்த அடி எங்கே விழும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆசீர் சாரின் கையை அவருக்கு முன்னால் படித்திருக்கிறாள். சரி, ஏன் முந்துகிறாள்? முந்துகிறவர்கள் அவசரப்படுவார்கள், அவசரம் ஒரு அளவில் நிற்காது, ஏறும். இது அவசரம் இல்லை. இது யாரோ எண்ணி வைத்த அளவு. பிரீடா திரும்பி வந்து நாற்காலியில் உட்காரவில்லை, நின்றபடியே கோயிலை நினைத்தாள். அக்கா எங்கே உட்காருவாள்? எல்லாருக்கும் தெரியும், கடைசிப் பெஞ்சு, மேற்கு வாசலுக்குப் பக்கத்தில். முன்பு பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடினவள்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பொன்னுதுரை அண்ணனுக்கு மின்கம்பத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. சக்கர நாற்காலி ஏறுகிற சரிவு மேற்கு வாசலில் மட்டும்தான் உண்டு, நாற்காலியை அங்கேயே நிறுத்த வேண்டும், அவள் அதற்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அன்றிலிருந்து அங்கேதான் பாடுகிறாள். ஆர்கனோ கிழக்கே, பலிபீடத்தை ஒட்டி. மைக் பிரசங்கத்துக்குத்தான், பாட்டுக்குக் கிடையாது. நடுவில் எவ்வளவு தூரம்? பிரீடாவின் கல்யாணத்துக்கு நடுப்பாதையில் விரிக்கச் சிவப்புக் கம்பளம் வாங்கினார்கள், சின்ன மாமா கடையில் சத்தம்போட்டுப் பேசினது இப்போதும் காதில் கேட்கிறது: "நூறடி, ஒரு அடி கொறயப்படாது." நூறடி! அந்த நூறடியையும் அவள் தடுக்கி விழாமல் நடந்ததே பெரிய பாடு.

சத்தம் ஒரு விநாடிக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் அடி போகும், அது அவள் தொழிலில் அரிச்சுவடி. நூறடிக்கு எவ்வளவு? பக்கத்தில் கிடந்த பால் கணக்குச் சீட்டின் பின்புறம் வகுத்தாள். புள்ளி பூஜ்யம் ஒன்பது. அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. புள்ளி ஒன்று எட்டு வரும் என்று நினைத்தாள், பாதிதான் வருகிறது. அப்படியானால் இல்லை, கோயில் காரணம் இல்லை, நான் ஆசைப்பட்டு ஒரு காரணத்தைக் கட்டுகிறேன், செய்த தப்புக்குப் பரிகாரம் தேடுகிறவள் எதையும் கட்டுவாள். வெளியே கேஸ் சிலிண்டர்களை உருட்டுகிற சத்தம். தெருமுனையில் ஒருவன் சிலிண்டரைத் தரையில் இறக்கினான், இறக்கினதைச் சன்னல் வழியாகக் கண்ணால் பார்த்தாள், டங் என்பது ஒரு கணம் கழித்து வந்தது. வந்து சேர ஒரு கணம். வந்து சேர. பிறகு? ஆர்கன் சத்தம் அக்காவிடம் வந்து சேர ஒரு கணம், சரி. அக்காவின் குரல் திரும்ப ஆர்கனிடம் போய்ச் சேர வேண்டாமா? பிரீடா சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். போக ஒரு ஒன்பது, வர ஒரு ஒன்பது. கேட்கிற ஆர்கனோடு சேர்ந்து அக்கா வாய் திறந்தால், முன்னால் இருப்பவர்களுக்கு அது புள்ளி ஒன்று எட்டு பிந்திக் கேட்கும். பிந்தாமல் கேட்க வேண்டுமென்றால், தன் காதில் விழுகிற ஆர்கனுக்குச் சரியாக அவ்வளவு முன்னால் அவள் பாட வேண்டும். தன் காதுக்குத் தப்பாகப் பாட வேண்டும்! ஞாயிற்றுக்குப் பின் ஞாயிறு, பத்தொன்பது வருஷம், தான் கேட்பதை நம்பாமல், அங்கே நூறடிக்கு அப்பால் கேட்கப்போவதை நம்பி ஒருத்தி பாடியிருக்கிறாள். போன வாரம் வீட்டில் உட்கார்ந்து, ஆர்கன் காதுக்குள்ளேயே இருக்கும்போதும், அந்தக் கோயிலின் நீளத்தையும் சேர்த்தே பாடி அனுப்பியிருக்கிறாள். எந்தக் கருவியும் இல்லாமல். வகுத்தல் கணக்கு இல்லாமல். பிரீடாவுக்கு அழுகை வந்தது, வந்ததை வந்தது என்றே சொல்லிவிடலாம். எத்தனையோ குரல்களை வெட்டி ஒட்டியிருக்கிறாள், இப்படி ஒரு காதை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மணி பன்னிரண்டு இருபது. இனி வரிசை தப்பக் கூடாது. வியாழக்கிழமை முதலில் இழுத்துவிட்டுப் பிறகு நகர்த்தினாள், அதனால் அந்தப் புள்ளி ஒன்று எட்டும் பாட்டோடு சேர்ந்து சுருங்கிப் போனது. இன்றைக்கு முதலில் நகர்த்த வேண்டும், பிறகுதான் இழுக்க வேண்டும். சாம்பல் வரியைப் பழைய வேகத்துப் பாட்டில் விநாடிக்கணக்கில் கட்டி வைத்து, புள்ளி ஒன்று எட்டு பின்னால் தள்ளினாள். ஒரே ஒரு தள்ளு. நான்கு சரணமும் அடிகளின் மேல் தானே போய் உட்கார்ந்தன, வந்து உட்காரப் பாய் விரித்துக் காத்திருந்ததைப் போல. அதற்குப் பிறகு ஒவ்வொரு அடியிலும் ஆணி, அதற்கும் பிறகு அடிக்கணக்குக்கு மாற்றி, முதல் இரண்டு சரணத்துக்குத் தொண்ணூற்றிரண்டு. ஆணி அடிக்க அடிக்க அவளுக்குப் பயம் ஏறிக்கொண்டே வந்தது, கேட்கப் பயம், ஒருவேளை இல்லையென்று ஆகிவிட்டால். வாய்க்கட்டை அவிழ்த்தாள். வரி பச்சையானது. ஓட விட்டாள். முதல் சரணத்தில் அக்கா தனியாகத் தெரியவே இல்லை. மற்ற முப்பது பேரும்தான் வேறு ஆட்களாகத் தெரிந்தார்கள், கால் ஊன்றி நிற்கிறவர்களாக. அந்தத் தடித்த, கீழ்ஸ்தாயிக் குரல் எல்லாருக்கும் அடியில் தரை போட்டிருந்தது. எழுந்து நிற்கிற சரணம் வந்தபோது, ஆசீர் சாரின் கை மெல்ல இறங்க இறங்க, துபாயும் பெங்களூரும் ஆளுக்கொரு பக்கம் தடுமாறுகிற இடத்தில், அவள் மட்டும் தடுமாறவில்லை. கையோடு கையாக இறங்கினாள். பிரீடா தன்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வந்ததா இல்லையா என்று அவள் கவனிக்கவில்லை.

இனி சொல்ல வேண்டும். பாட்டை அனுப்பிவிட்டு, சும்மா, சார் ஒரு திருத்தம் செய்தேன், கனகமணி அக்காவையும் சேர்த்துவிட்டேன் என்று ஒரு வரி தட்டினால் போதாதா? போதும். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பிரீடா நல்ல பிள்ளை, கஷ்டப்பட்டு அக்காவின் குரலைச் சரிசெய்துவிட்டாள் என்று பேர்கூட வரும். சரிசெய்தது அக்காவின் குரலையா? பாட்டை அனுப்பிவிட்டு ஆசீர் சாரை அழைத்தாள். அவருக்குக் கோபம் வராது, 'அப்படியா' என்று மட்டும் சொல்வார், அந்த அப்படியாவுக்கு வங்கியே நடுங்கும் என்று கேள்வி. "சார், வியாழக்கிழமை நான் சொன்னது தப்பு. கனகமணி அக்கா பாடினதுல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் தப்பா அளந்துட்டேன்." எல்லாவற்றையும் சொன்னாள், நூறடி, போக ஒன்பது, வர ஒன்பது. "அப்படியா" என்றார் ஆசீர் சார். பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "பாட்டு அனுப்பிட்டீங்கள்லா, கேட்டேன்னா எனக்கே தெரிஞ்சிரும். பேர நான் சேத்துருதேன். ஆனா பிரீடா, அவங்கட்ட நீங்களே சொல்லிருங்க. வேண்டாம்னு சொன்ன வாயால நான் திரும்பப் போயி சொன்னா, பரிதாபப்பட்டுச் சேத்ததா நெனச்சுக்கிடுவாங்க." அவர் சொன்னது நியாயம். அது நியாயமாக இருந்ததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

கனகமணி அக்காவின் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தாள், அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். எடுத்தாள். "சொல்லு பிள்ள" என்றாள் கனகமணி அக்கா, எப்போதும் போல. பிரீடா மனசுக்குள் கோத்து வைத்திருந்ததெல்லாம் உதிர்ந்துபோக, "அக்கா, ஒங்க குரல எடுக்கச் சொன்னது நாந்தான்" என்று நேரே போய் விழுந்தாள். "அதுக்கென்னட்டி. பாட்டு நல்லா இருக்கணும்லா. எனக்கும் தெரியும், நான் முந்துவேன். வீட்ல பாடும்போதே தெரிஞ்சிது, என்னத்தச் செய்ய, நிக்க மாட்டேங்கு. பழக்கம்." "எப்பிடிக்கா பழக்கம்?" அக்கா சிரித்தாள். "பின்னால போயி உக்காந்த புதுசுல ஆசீர் சாரு ஒருநாள் மைக்லயே சொல்லிட்டாரு, பின்வரிசையில இழுக்காதீங்கன்னு. ஒலகமே திரும்பிப் பாத்துது, சக்கர நாற்காலியையும் என்னையும். பெறவு பாட்டு நடக்கும்போது எங்கண்ணு அவரு தலையிலயே இருக்கும். நான் பிந்துனா அவரு தலையத் தூக்கிப் பின்னால பாப்பாரு. கொஞ்சம் முந்திப் பாடுனேன், அப்பவும் தூக்குனாரு. இன்னுங்கொஞ்சம் முந்துனேன். தூக்காத வரைக்கும் வந்து நின்னுக்கிட்டேன். அதுக்கு ஒரு வருசம் ஆச்சு. எங்காதுக்குக் கர்ணகடூரமாத்தான் இருக்கும், ஆர்கன் ஒருபக்கம் நான் ஒருபக்கம். ஆனா அவரு தலையத் தூக்கல, அது போதும்னு விட்டுட்டேன்."

பிரீடா சொன்னாள். நூறடியைச் சொன்னாள், சத்தம் நடந்து வருகிற நேரத்தைச் சொன்னாள், போக எவ்வளவு, திரும்ப எவ்வளவு, அவள் முந்தினது சரியாக அந்த அளவு, ஆமென் வரைக்கும் அந்த அளவு, அதைக் கண்டுபிடிக்கத் தனக்கு மென்பொருளும் வகுத்தல் கணக்கும் தேவைப்பட்டது, அப்படியும் முதல் தடவை தப்பு செய்தேன் என்று சொன்னாள். மன்னிச்சிருங்கக்கா என்றும் சொன்னாள், அது எந்த இடத்தில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மறுமுனையில் மிக்சி ஓடுவது நின்றது, யாரோ அக்காவிடம் என்ன என்று கேட்டார்கள். பிறகு மெதுவாக, ஒரு படிவத்தை நிரப்பும்போது சந்தேகம் கேட்பவளைப் போல, கேட்டாள். "அப்போ இத்தன வருசமும் முன்னால உள்ளவங்களுக்குச் சரியாத்தான் கேட்டுருக்கா?"

"சரியாத்தான் கேட்டுருக்குக்கா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும்."

அக்கா போனை எங்கேயோ வைத்தாள், அணைக்கவில்லை. செருப்பில்லாத கால் தரையில் வேகமாகப் போவது கேட்டது, ஒரு கதவு, பிறகு நாற்காலிச் சக்கரம் லேசாகத் திரும்பும் ஒலி. பிரீடா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த அறையிலிருந்து, தூரத்தில், அந்தத் தடித்த குரல் வந்தது.

"கேட்டியளா, நான் முந்தலியாம். கோயில்தான் நீளமாம்."